ஆமா, வேண்டாமா: ஊழியரிடம் நேராகக் கேளுங்கள்

மருத்துவமனையில் எச்.ஆர். அல்லது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு உங்கள் பொறுப்பா? அப்படியானால் ஊழியர்கள் தள்ளிப்போடும் நல்ல காரியங்களை நடத்திக்காட்டுவதும் உங்கள் தலையில்தான். இன்னொரு சுற்றறிக்கை வேண்டாம். கணினித் திரையில் ‘ஆம்’, ‘வேண்டாம்’ இரண்டையும் காட்டி, ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்படி செய்யுங்கள். பதில் சொல்வது மட்டுமே கட்டாயம். எந்தப் பதில் என்பது அவர் இஷ்டம்.

பிலடெல்பியாவின் பென் மெடிசின் இதைச் சோதித்தது. ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டிய நோயாளி வந்தால், மெடிக்கல் அசிஸ்டென்ட்டின் திரையில் ஊசிக்கான ஆர்டர் வந்து நிற்கும்: ஏற்கலாம், ரத்து செய்யலாம். ஏற்றால் டாக்டரின் ஒப்புதலுக்குப் போகும். 2018இல் வெளியான ஆய்வில் தடுப்பூசி விகிதம் ஏறக்குறைய 9.5 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. காலை 8 மணிக்கு 44 சதவீதமாக இருந்த விகிதம் மாலை 4 மணிக்கு 32ஆக இறங்கியது. திரையில் கேள்வி வந்த பிறகும் இந்த இறக்கம் தொடர்ந்தது. களைத்துப்போன ஊழியரைக் கேள்வி மட்டும் காப்பாற்றாது. அதனால் உங்கள் சோதனையில் மணிவாரியாகக் கணக்கெடுங்கள்.

ஒரே நாளில் எல்லாப் பிரிவிலும் தொடங்கிவிடாதீர்கள். ஃப்ளூ பருவம் வந்தாலே தடுப்பூசிக் கணக்கு ஏறும். அது உங்கள் கேள்வியால் ஏறியதா என்று பிறகு சொல்லவே முடியாது. ஒத்த புறநோயாளிப் பிரிவுகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதியில் மட்டும், அதே வாரங்களில் நடத்துங்கள். நர்ஸ்கள் பிரிவு மாறி மாறி வேலை பார்க்கும் இடங்களைச் சேர்க்க வேண்டாம். எதை வெற்றி என்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். எத்தனை பேர் ‘ஆம்’ அழுத்தினார்கள் என்பது முக்கியமே அல்ல, எத்தனை ஊசி போடப்பட்டது என்று பாருங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் ‘ரத்து’ அழுத்தப்படுகிறதா? கேள்வியை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். திரையில் வரும் மற்ற எச்சரிக்கைகளைக் குறையுங்கள்.

ஊழியரின் சொந்த முடிவிலும் இந்த முறை பலிக்கும். ஓர் அமெரிக்க நிறுவனம் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், ஓய்வூதியச் சேமிப்பில் சேர்கிறீர்களா என்பதற்கு 30 நாளுக்குள் பதில் கேட்டது. சேர்ந்தவர் விகிதம் 28 சதவீதப் புள்ளிகள் அதிகமானது. ‘வேண்டாம்’ என்பதோடு அதன் நஷ்டத்தையும் சேர்த்து எழுதுவது இன்னும் வலுவான உத்தி. ஆனாலும் மேலதிகாரி பார்க்கக்கூடிய படிவத்தில் அதைச் செய்வது மிரட்டல்தான். ஊழியரின் உடல்நலம் பற்றிய பதில் மேலதிகாரியின் கண்ணில் படவே கூடாது.

தடுப்பூசிக்கு ‘ஆம்’ என்ற ஊழியரை அப்படியே விட்டுவிடாமல், எந்த நாள், எத்தனை மணிக்கு என்றும் எழுதச் சொல்லுங்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த ஒரு வரியால் ஊசி போட்டுக்கொண்ட ஊழியர்களின் விகிதம் சுமார் 4 சதவீதப் புள்ளிகள் கூடியது. அவர்கள் எழுதிய நேரத்தில் தடுப்பூசி அறை திறந்திருக்க வேண்டும், நைட் ஷிப்ட் முடிந்து வருபவருக்கும்.