தட்டச்சுப் பயிலக மாலைகள்

நுழையும்முன்

பள்ளிப் படிப்பு முடிந்த நாளுக்கும் முதல் ஊதியம் கைக்கு வந்த நாளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை மனிதர் எளிதில் மறப்பதில்லை. 1980களில் தமிழகத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த இளைஞர் பலருக்கு அவ்வாண்டுகளில் தட்டச்சுப் பயிலகமே இரண்டாம் பள்ளியாக விளங்கியது. அங்கே அவர்கள் கற்றதையும் காத்திருந்ததையும் நினைவுகூர்கிறது இவ்வுரைநடை.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்

தமிழகப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. அதற்கு முன்னர்ப் பள்ளியிறுதி வகுப்பை முடித்தோர் கல்லூரிக்குச் சென்றே புகுமுக வகுப்பைப் பயில வேண்டியிருந்தது. புதிய முறையில் முதல் அணியினர் 1980இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதினர். கல்லூரி இல்லாத ஊர்களின் பிள்ளைகளுக்கும் மேலும் ஈராண்டுக் கல்வி அருகிலேயே கிடைத்தது.

ஆனால், அதன்பின் என்ன என்னும் வினா எஞ்சி நின்றது. கல்லூரிக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் தாங்கக்கூடிய குடும்பங்கள் சிலவே. அறுவடை பொய்த்த ஆண்டில் மூத்தவனின் படிப்பு நின்றது. தங்கையின் திருமணம் நெருங்கிய வீட்டில் தம்பியின் படிப்பு நின்றது. அந்நிலையில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொல் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது: “சும்மா இருக்காதே, டைப்பாவது கற்றுக்கொள்.”

விரல்கள் கற்ற பாடம்

கடைத்தெரு மாடியில் நீண்ட அறை. சுவரோரம் வரிசையாக மேசைகள். அவற்றின்மீது ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபாசிட் பொறிகள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். விடியற்காலையில் தொடங்கும் வகுப்புகள் இரவு வரை நீளும். மாலை நேரத்தில் தெருவில் நடப்போர் காதுகளில், ஓட்டுக் கூரைமேல் பெய்யும் மழைபோல் அவ்வொலி விழும்.

முதல் பாடம் விரல்களை உரிய விசைகளில் இருத்துவது. ஆங்கிலப் பொறியில் இடக்கை விரல்கள் ஏ, எஸ், டி, எஃப் ஆகிய விசைகளில் அமரும். தமிழ்ப் பொறியில் அதே விரல்கள் ய, ள, ன, க ஆகியவற்றில் அமரும். விசைகளைக் குனிந்து பார்த்தல் கூடாது. பார்த்தவனை ஆசிரியர் கடிந்துகொள்வதில்லை. அவன் கைகளின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுச் செல்வார். சுண்டுவிரலுக்கு வலிமை வரச் சில வாரங்கள் ஆகும்.

தமிழ்ப் பொறியில் வேறொரு புதுமையும் இருந்தது. கையால் எழுதும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளியை இறுதியில் இடுகிறோம். தட்டச்சில் புள்ளியை முதலில் தட்ட வேண்டும். அவ்விசையைத் தட்டும்போது தாள் நகராது. அடுத்துத் தட்டப்படும் எழுத்து அப்புள்ளியின்கீழ் வந்து அமரும். எழுத்தைத் தட்டும் முன்னரே அது மெய்யா, உயிர்மெய்யா என்று மனம் முடிவு செய்தாக வேண்டும். ஒற்று மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் இலக்கண வகுப்பில் தவறவிட்ட பலர், இங்கே விரல்வழிக் கற்றனர்.

தேர்வில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள். முதுநிலைக்கு 45 சொற்கள். ஐந்து தட்டல் ஒரு சொல்லாகக் கணக்கிடப்படும். மாணவர் வழக்கில் இவை ‘லோயர்’, ‘ஹையர்’ எனப்பட்டன. ஒரு பிழையை அழித்துத் திருத்தும் வசதி அன்று இல்லை. தட்டியது தட்டியதே.

தெரிந்து தெளிவோம்

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் முன்னோடி ஆர். முத்தையா 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்; சிங்கப்பூரில் பணியாற்றியவர். எழுத்துகள் மிகுந்த தமிழைச் சில விசைகளுக்குள் அடக்கும் வழியைக் கண்டறிந்தவர். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 1955ஆம் ஆண்டு தன் முதல் தட்டச்சுப்பொறியை உருவாக்கியது. ணா, றா, னா, ணை, லை முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றிய எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் தமிழக அரசால் நடைமுறைப்படுத்தப்பட்டது.

பெண்களுக்குத் திறந்த படிக்கட்டு

பன்னிரண்டாம் வகுப்போடு பெண்களின் வெளியுலகம் முடிந்துவிடும் வீடுகள் அன்று மிகுதி. கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரும் பயிலகத்திற்கு அனுப்பினர். ஒரு மணி நேரத்தில் மகள் வீடு திரும்பிவிடுவாள் என்பதே காரணம். எங்கள் தெருவில் நாங்கள் ‘அக்கா’ என்று அழைத்த ஒருவர், வீட்டு வேலைகளை முடித்துவிட்டு நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு அப்படிக்கட்டில் ஏறுவார். மாதக் கட்டணத்தைத் தாம் தைத்துக் கொடுத்த இரவிக்கைகளின் கூலியிலிருந்து கட்டினார். இரு மொழிகளிலும் முதுநிலை தேறினார்.

“வேலை கிடைக்குமா, அக்கா?” என்று ஒருநாள் கேட்டேன். “கிடைக்கிறதோ இல்லையோ, இந்த ஒரு மணி நேரம் என்னுடையதப்பா” என்றார். ஆறாண்டுகள் கழித்து அவருக்கு அரசுப்பணி கிடைத்தது. அதற்குள் அவருக்குத் திருமணமாகியிருந்தது. புகுந்த வீட்டார் பணியில் சேர இசையவில்லை; ஆணையைப் பெட்டியில் வைத்தார். அவரோடு பயின்ற வேறு சிலர் பணியில் சேர்ந்து, தம் மகள்களைப் பட்டம் பெறச் செய்தனர். ஒரே படிக்கட்டில் ஏறியோருக்கு வாழ்க்கை ஒரே விடையைத் தரவில்லை.

அட்டையும் காத்திருப்பும்

தேர்ச்சிச் சான்றிதழ் வந்ததும் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வோம். பதிவு அட்டையை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் பதிவுமூப்பு போய்விடும் என்ற அச்சத்தால், அந்த அட்டை வீட்டுப் பத்திரத்தோடு பாதுகாக்கப்பட்டது.

பின்னர் அஞ்சல்காரரை எதிர்நோக்கும் நாள்கள். அவர் மிதிவண்டி தெருமுனையில் திரும்பும் நேரம் எங்களுக்கு மனப்பாடம். நேர்காணல் கடிதம் நாள் கடந்து வருவதும் உண்டு. அவசரச் செய்தியெனில் தந்தி. அதுவோ பெரும்பாலும் துயரச் செய்தியையே கொணர்ந்தது. வேலை கிடைக்காத இளைஞன் திருமண வீடுகளுக்குச் செல்லத் தயங்குவான், “தம்பி, இப்போது என்ன செய்கிறாய்?” என்னும் அன்பான விசாரிப்பே அவனை வாட்டும்.

அக்காலத்தை எண்ணும்போது தேநீர்க் கடை வானொலியும் நூலக வாசிப்பும் நண்பரோடு நடந்த ஆற்றங்கரையும் முதலில் நினைவுக்கு வருகின்றன. நினைவு இனிக்கிறது என்பதால் அக்காலமே இனிதாக இருந்தது எனக் கொள்ளலாகாது. ஒரு விண்ணப்பத்தின் அஞ்சல்தலைக்காகத் தாயிடம் கைநீட்டிய கூச்சமும் அதே நாள்களுக்கு உரியதே. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இளைய தலைமுறைக்கு நாம் செய்யும் நேர்மை.

பொறிகள் ஓய்ந்தபின்

1990களில் கணினி அலுவலகங்களுக்குள் நுழைந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, ‘தமிழ்99’ விசைப்பலகை பரிந்துரைக்கப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கத்திலும் அமைந்தன. 2013இல் தந்திச் சேவையும் நிறைவுற்றது. எனினும், பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்கள் கணினியிலும் அம்முறையையே நாடின.

எங்களுள் அரசுப்பணி பெற்றோர் சிலர். நீதிமன்ற வாயிலில் மேசையிட்டு மனுக்களைத் தட்டச்சு செய்து குடும்பம் காத்தோர் சிலர். ஊரைவிட்டுச் சென்றோர் பலர். அனைவருக்கும் பொதுவாக எஞ்சியது ஒரு பழக்கம்: தாளில் பதியும் முன் சொல்லை ஒருமுறை மனத்தில் எண்ணிப் பார்ப்பது.

இலக்கணக் குறிப்பு

கற்றதையும் காத்திருந்ததையும் – எண்ணும்மை
தேறினார் – வினைமுற்று
பெற்றோர் – வினையாலணையும் பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

கேட்டேன் – கேள் (கேட்) + ட் + ஏன்
கேள் – பகுதி (கேட் ஆனது விகாரம்)
ட் – இறந்தகால இடைநிலை
ஏன் – தன்மை ஒருமை வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் முதல் வேலைக்குக் காத்திருந்த காலத்தைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. “நினைவு இனிக்கிறது என்பதால் அக்காலமே இனிதாக இருந்தது எனக் கொள்ளலாகாது” – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. தட்டச்சுப்பொறி, தமிழ்99 ஆகிய இரு விசைப்பலகைகளிலும் ‘அம்மா’ என்னும் சொல் தட்டப்படும் முறையை ஒப்பிட்டு எழுதுக.