புதுக் கடல்நீர்த் தொட்டியும் பாசியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

1909-ஆம் ஆண்டு சென்னை மெரினா கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. கடல் மீனைக் கண்ணாடிக்குள் உயிருடன் காண்பது அன்றைய மக்களுக்குப் பெரும் விந்தையாக இருந்திருக்கும். இன்றோ கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குச் சென்று வந்தால், நூறு லிட்டர் தொட்டியில் ஒரு சிறு கடலை வீட்டு முன்னறையிலேயே அமைத்துவிடலாம். ஆனால், அமைத்த இரண்டு மூன்று வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறப் பாசி படர்கிறது. பலர் மனம் தளர்ந்து அத்துடன் தொட்டியைக் கவிழ்த்து விடுகின்றனர்.

மீஞ்சூரில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், கடல் மீன் விற்றுப் பிழைக்க எண்ணி, கடன் வாங்கித் தொட்டி வைத்தார். மீன் வாங்குமுன்பே பாசி வந்துவிட்டது. "தம்பி, காலேஜில் மீனைப் பற்றித்தானே படிக்கிறே? இதுக்கு என்ன மருந்து ஊத்தலாம்?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி ஒருவர் கேட்ட முதல் கேள்வியும் அதுவே. ஆசிரியர்களிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் நான் அறிந்த விடை இது: பாசி நோயன்று, நீரில் உணவு மிஞ்சியிருக்கிறது என்பதன் அறிகுறி. மருந்தைத் தேடாமல், பாசிக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே முறையாகும்.

பாசி வரும் வரிசை

தொட்டியில் சேரும் கழிவும் தின்னாத தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு தீயதன்று. இப்பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடலாகாது.

இந்த இடைக்காலத்தில்தான் பாசி நுழைகிறது. பெரும்பாலும் முதலில் வருவது பழுப்பு நிற டையட்டம். இதன் செல்சுவர் சிலிக்காவால் ஆனது. நீரிலுள்ள சிலிக்கேட் தீர்ந்தால் தானே குறைந்துவிடும். அடுத்து, வழுவழுப்பான செந்நிறப் படலம் தோன்றக்கூடும். இதற்கு நீலப்பச்சைப் பாசி என்று பெயர் வழங்கினாலும், உண்மையில் இது பாக்டீரியா இனமே. பின்னர் வருவது பச்சை இழைப் பாசி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒளியும் உள்ளவரை இது போகாது.

ஒரு சிறு கணக்கு

கடலின் மிதவை உயிரிகளில் கரிமம், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறத்தாழ 106:16:1 என்ற விகிதத்தில் அமைந்துள்ளன. 1934-இல் இத்தகைய நிலையான விகிதத்தை முதலில் சுட்டிக்காட்டியவர் ரெட்ஃபீல்ட் என்னும் அறிஞர். அணு எடைகளைக் கொண்டு கணக்கிட்டால், 1 கிராம் பாஸ்பரஸ் சுமார் 41 கிராம் கரிமம் கொண்ட உயிர்ப்பொருளை வளர்க்கப் போதுமானது. கூடுதலாகப் போடும் ஒரு சிட்டிகைத் தீனி எவ்வளவு பாசியாக விளையும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

எந்த நீரை ஊற்றுவது?

"நம்ம ஊர்த் தண்ணிதான் ஏற்கெனவே உப்பாச்சே" என்று அண்ணன் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே உப்பைக் கலந்திருந்தார். மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பதை 1960-களின் இறுதியிலேயே ஆய்வாளர்கள் கண்டனர். ஆயினும் உப்பு நீரெல்லாம் கடல்நீர் ஆகாது. சேலஞ்சர் கப்பல் பயணத்தில் (1872–76) திரட்டிய 77 நீர் மாதிரிகளை ஆராய்ந்த டிட்மர், கடலில் முக்கிய உப்புகளின் விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்று காட்டினார். மண்ணுக்குள் புகுந்த நீரில் அந்த விகிதம் மாறிவிடுகிறது. பாறையிலிருந்து சிலிக்காவும், வயல் உரத்திலிருந்து நைட்ரேட்டும் அதில் சேரலாம். பாசிக்கு அது விருந்து.

எனவே ஆர்.ஓ. முறையில் வடித்த நீரில், மீன் தொட்டிக்கென விற்கும் கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைப்பதே நன்று. 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள குடிநீர் ஆலையும் இதே முறையில்தான் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறது.

செய்ய வேண்டியவை

1. விளக்கு நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். சன்னல் வெயில் தொட்டியில் படக்கூடாது.

2. மீன் விட்ட பிறகு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுக.

3. பாசியைச் சுரண்டி, குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுக. சுரண்டியதை உள்ளேயே விட்டால் அது அழுகி மீண்டும் உரமாகும்.

4. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக. புதிதாக நைட்ரேட் சேராவிட்டால், லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருந்தது மூன்று மாற்றங்களில் 32, 25.6, 20.5 எனக் குறையும். ஒரே வாரத்தில் பலனை எதிர்பார்க்கலாகாது.

5. பாசி மேயும் கடல் நத்தைகளை, நீர் பக்குவப்பட்ட பின் விடுக.

மருந்து ஏன் கூடாது?

தாமிரம் கலந்த மருந்து பாசியைக் கொல்லும். நத்தை, இறால், பவள உயிர்களையும் கொல்லும். சுண்ணாம்புக் கற்களில் படிந்து நெடுநாள் தங்கும். செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. பாசி தின்ற உரமும் நீருக்கே திரும்புகிறது. பகையை அழித்தோம் என்று எண்ணும்போதே அடுத்த விளைச்சலுக்கு எருவிட்டவர்கள் ஆகிறோம்.

அண்ணன் நீரை மாற்றினார், விளக்கையும் குறைத்தார். ஆறு வாரங்களில் பழுப்புப் படலம் போய்விட்டது. பச்சை இழைகள் மட்டும் சில கற்களில் இன்னும் உள்ளன. இரண்டு மாத வட்டி வீண் என்று அவர் வருந்தினாலும், மீன்களை வாங்கிச் சாகவிடும் இழப்பு நேரவில்லை. தொட்டியில் சாகும் கடல் மீன்களில் பல பவளப் பாறைகளிலிருந்து பிடிக்கப்பட்டவை. ஆகவே நம் அவசரத்தின் விலையைக் கடலும் சேர்ந்தே கொடுக்கிறது.

நண்பர்களே, தொட்டிக்குரிய விதிதான் கடலுக்கும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரி பெருகி, நீர் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. தொட்டியில் உரம் மிகுந்தால் வாரந்தோறும் நீரை மாற்றிக்கொள்ளலாம். நம் அருகிலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கோ எண்ணூர்க் கழிமுகத்துக்கோ அவ்வாறு செய்ய இயலாது. அங்கே கழிவு சேராமல் காப்பது ஒன்றே வழி. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளக்கும் முறைகளை நம் ஆய்வுக்கூடத்தில் கற்கிறோம். அவற்றைத் தேர்வோடு மறந்துவிடாமல், நம் ஊர் நீரை அளந்து பார்க்கவும் பயன்படுத்துவோமாக!