கடல் தாண்டும் நாளை வீணாக்காதீர்கள்: தீவக மெய்வல்லுநருக்கு ஒரு வழிகாட்டி

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் இன்னொரு மணி நேரம். நயினாதீவுப் பிள்ளைக்குக் கடற்பயணம் சிறியது, பேருந்துப் பயணம் அதேதான். வேலணை, ஊர்காவற்றுறைப் பிள்ளைகள் பண்ணைப் பாலத்தால் வந்துவிடலாம். ஆனால் பின்னேரப் பயிற்சி முடிந்தபின் பஸ் கிடைக்குமா என்பது அவர்களின் கவலை. உயர்தரமும் படித்துக்கொண்டு தினமும் இப்படி அலைய யாராலும் முடியாது. அலையவும் தேவையில்லை. தாங்குதிறன், கால் பலம், உடல் நெகிழ்வு மூன்றையும் ஊரிலேயே வளர்க்கலாம். பயிற்றுநரின் கண், பாய்ச்சல் மெத்தை, முறையாக அளந்த முழுச் சுவடு ஆகியவற்றுக்கு மட்டும் கடல் தாண்டுங்கள்.

1. ஆண்டை வரைந்து வையுங்கள்

இல்ல மெய்வல்லுநர் போட்டி வழமையாக முதலாம் தவணையில் வரும். பிறகு கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிகள். இந்தத் திகதிகளையும் பரீட்சைத் திகதிகளையும் ஒரே நாட்காட்டியில் குறியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் மைதானம் நீர் பிடிக்கும். அது பலப் பயிற்சிக்கான காலம். சோளகக் காற்று பலத்தால் படகு தடைப்படலாம். ஆகவே முக்கியமான போட்டிக்கு முதல்நாளே யாழ்ப்பாணம் வந்து தங்க ஒழுங்கு செய்யுங்கள்.

2. நிகழ்ச்சியைத் தெரிவு செய்யுங்கள்

வாரத்தில் நான்கு நாளாவது ஊரில் பயிலக்கூடியதே உங்கள் பிரதான நிகழ்ச்சியாகட்டும். 800, 1500 மீற்றர் ஓட்டங்களும், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல், குண்டு எறிதல் போன்றவையும் தீவுக்கு ஏற்றவை. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பழைய மாணவி. ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு மெத்தையும் கோலும் பயிற்றுநரும் அருகில் வேண்டும். ஒரு பிரதான நிகழ்ச்சி, ஒரு துணை நிகழ்ச்சி, அஞ்சல் ஓட்டம்: இவ்வளவும் போதும்.

3. ஊரில் ஒரு சுவடு அமையுங்கள்

அளவு நாடாவால் 100 மீற்றரை அளந்து, 30, 60 மீற்றரிலும் சுண்ணாம்பால் கோடிடுங்கள். ஒரு சுவட்டின் அகலம் 1.22 மீற்றர். நெடுந்தீவின் தரையில் சுண்ணக்கல் முனைகள் துருத்தி நிற்கும். ஆதலால் ஓடுமுன் முழுத் தூரத்தையும் நடந்து கல் பொறுக்குங்கள். தட்டையான தீவில் காற்றை மறிக்க எதுவும் இல்லை. காற்றோடு ஒருமுறை, காற்றை எதிர்த்து ஒருமுறை ஓடி, இரண்டு நேரங்களின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாட்டி போன்ற கடற்கரையில் ஓடுவதானால் நனைந்து இறுகிய மணலில் ஓடுங்கள். காய்ந்த மணலில் கால் புதையும்போது குதிகால் நாண் அதிகம் இழுபடும். அங்கே குறைந்த தூரமே போதும். கரை சரிவானது என்பதால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே விழும். போன தூரத்தையே திரும்பி ஓடினால் இரண்டு கால்களும் சுமையைச் சமமாகப் பகிரும்.

4. வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

திங்கள்: மெதுவான நீண்ட ஓட்டம். செவ்வாய்: வேக ஓட்டம். புதன்: உடற்பலம், நெகிழ்வு. வியாழன்: நிகழ்ச்சிக்குரிய பயிற்சி. வெள்ளி: ஓய்வு. சனி: கடல் தாண்டும் நாள். ஞாயிறு: இலேசான நடை, படிப்பு. கடுமையான இரண்டு நாட்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். வெயிலுக்கு முன் காலை ஏழு மணிக்குள், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு பயிலுங்கள்.

5. சனிக்கிழமையைப் பயன்படுத்துங்கள்

பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முதல்நாளே எழுதி வையுங்கள். இரண்டு மணி நேரம் குந்தியிருந்த இடுப்பு இறுகிப்போயிருக்கும். துரையப்பா அரங்கோ வேறு மைதானமோ, இறங்கியதும் அரை மணி நேரம் உடலைச் சூடாக்குங்கள். களைக்கும் முன்னரே வேகமும் நுட்பமும் பயிலுங்கள். உங்கள் பாய்ச்சலைப் பக்கவாட்டில் நின்று கைபேசியில் எடுக்கச் சொல்லுங்கள். வாரம் முழுவதும் ஊரில் பார்த்துத் திருத்த அது உதவும். செயற்கைச் சுவட்டில் போட்டியென்றால் சப்பாத்தின் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது. உயரம் பாய்தலுக்கும் ஈட்டிக்கும் 12.

6. நீரும் உணவும்

தீவுகளில் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். அதிகம் வியர்த்த நாளில் ஜீவனி கரைத்துக் குடிக்கலாம். சிறுநீர் கடும் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. படகேறும் முன் வாழைப்பழம், இடியப்பம் போல இலேசாகச் சாப்பிடுங்கள். பையில் கச்சானும் புழுக்கொடியலும் இருக்கட்டும். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் சோறும் மீனும் அல்லது முட்டையும் உண்ணுங்கள். பெண் பிள்ளைகள் மாதவிடாய்த் திகதியைப் பயிற்சிக் கொப்பியிலேயே குறியுங்கள். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைக் காணுங்கள். அது உணவு போதாததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

7. சான்றிதழும் படிப்பும்

கோட்ட மட்டத்திலிருந்தே எல்லாச் சான்றிதழ்களையும் பிரதி எடுத்து, மூலத்தை நனையாத உறையில் வையுங்கள். தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தோருக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி உண்டு. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி பெற்றிருக்க வேண்டும். சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக் விழாக்களில் உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் தாண்டி, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் வென்றார். அமெரிக்காவில் படித்தபடியே பாய்ந்தவர் பின்னர் கலாநிதிப் பட்டமும் பெற்றார். படிப்பையும் பாய்ச்சலையும் ஒன்றாகக் கொண்டுபோகலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. நாட்காட்டி, அளவு நாடா, ஒரு கொப்பி மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே முதலாம் படியிலிருந்து தொடங்குங்கள்.