புரூஸ் லீயும் பிங்பாங் பந்தும்

கறுப்பு வெள்ளைப் படம். மேசையின் ஒரு பக்கம் மட்டையோடு ஓர் ஆட்டக்காரர். எதிர்ப்பக்கம் சங்கிலியால் பிணைத்த இரண்டு கட்டைகளோடு, அதாவது நுன்சாக்கோடு, புரூஸ் லீ. பந்து வருகிறது, கட்டை சுழல்கிறது, பந்து வந்த வழியே திரும்பிப் போகிறது. ஒருமுறைகூடத் தவறவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் காணொளி வந்து விழாத வீடு குறைவு. கீழே வழக்கமான வரியும் இருக்கும்: "இவரைப் போல் இனி ஒருவர் பிறக்கப்போவதில்லை."

அதில் இருப்பவர் புரூஸ் லீயே இல்லை. நோக்கியா நிறுவனம் தன் என்96 கைப்பேசியின் புரூஸ் லீ சிறப்புப் பதிப்பைச் சீனாவில் விற்பதற்காக 2008இல் எடுத்த விளம்பரம் அது. லீ இறந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சாயல் கொண்ட ஒரு நடிகர் கட்டையைச் சுழற்றினார், பந்தைக் கணினியில் சேர்த்தார்கள், பழைய படச்சுருள்போலத் தெரியும்படி படத்தை மங்கலாக்கினார்கள். இது தெரியாவிட்டாலும் கொஞ்சம் யோசித்தால் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நுன்சாக்குக் கட்டை உருளை வடிவானது. அதில் பட்ட பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவே முடியாது. சங்கிலியின் முனையில் ஆடும் கட்டையை ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் கொண்டுவந்து நிறுத்துவது கையின் திறமையைத் தாண்டிய காரியம்.

லீயைச் சுற்றிய கதைகளையெல்லாம் ரசிகர்கள் பாசத்தில் இட்டுக்கட்டியவை என்றே பொதுவாக நினைக்கிறோம். ரசிகர்களை நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் கிளறினால், பெரும்பாலான கதைகளின் அடியில் எதையோ விற்க வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"தோல்வியே காணாத உலக சாம்பியன்" என்பது படச் சுவரொட்டிகள் வளர்த்த கதை. கராத்தே, குங்ஃபூ போட்டி எதிலும் லீ களமிறங்கியதே இல்லை. பிறகு எந்த உலகப் பட்டம்? அவர் உண்மையிலேயே வென்ற பட்டங்கள் இரண்டும் 1958இல் ஹாங்காங்கில் கிடைத்தவை. ஒன்று, பள்ளிகளுக்கு இடையிலான குத்துச்சண்டை. இன்னொன்று, சா-சா-சா நடனம். பின்னாளில் திரையில் அவர் கால் தரையில் பாவாமல் மிதப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டாவது பட்டம்தான் நினைவுக்கு வரும்.

கேமராவுக்கே பிடிபடாத வேகம் என்ற கதையில் பாதி உண்மை. 1966இல் தொடங்கிய 'தி கிரீன் ஹார்னெட்' தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் கொஞ்சம் மெதுவாக அடிக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டது நடந்ததுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். திரைப்படக் கேமரா நொடிக்கு 24 சட்டங்கள் எடுக்கும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒளி விழும் நேரம் ஏறக்குறைய 48இல் ஒரு பங்கு நொடி. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகும் முஷ்டி அதற்குள் 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நல்ல குத்துச்சண்டை வீரர் எவருக்கும் அந்த வேகம் உண்டு. அவர் கையும் படத்தில் வெறும் புகைக்கோடாகத்தான் பதியும். லீ மிக வேகமானவர், அதில் ஐயமில்லை. அதற்காகக் கேமரா தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஓர் அங்குலக் குத்து. இது நடந்தது, படமும் இருக்கிறது. 1964 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எட் பார்க்கர் நடத்திய கராத்தே போட்டியில், நாற்காலி ஒன்றைப் பின்னால் போட்டு, ஓர் ஆளை அதன் முன் நிறுத்தி, நெஞ்சுக்கு வெகு அருகில் முஷ்டியை வைத்து லீ குத்தினார். அந்த ஆள் பின்னால் சரிந்து நாற்காலியில் விழுந்தார். இரண்டே விரல்களை ஊன்றி ஒரு கையால் தண்டால் எடுத்துக் காட்டியதும் இதே மேடையில்தான். ஆக, சந்தேகப் பேர்வழிகள் இந்த இரண்டையும் பொய்க்கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

மாய சக்தி என்று கொண்டாடவும் வேண்டாம். அந்தக் குத்தில் கையின் பங்கு கடைசியில்தான் வருகிறது. பின்காலின் முழங்கால் வெடுக்கென நீள்கிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் முன்னே பாய்கிறது, முழங்கை விரிகிறது, மணிக்கட்டு நிமிர்கிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள், ஒன்றின் வேகம் குறையுமுன் அடுத்தது தொடங்கிவிட வேண்டும். வரிசை கொஞ்சம் பிசகினாலும் அது வெறும் தள்ளலாகிவிடும். நிற்கும் ஆள் இரண்டு கால்களையும் ஒரே கோட்டில் வைத்திருந்தால் பின்னால் சாய அதிக விசை தேவையில்லை என்பதும் உண்மை, மேடையில் செய்துகாட்டுபவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள். 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் கறுப்புப் பட்டை பெற்ற 12 கராத்தே வீரர்களையும், உடற்பயிற்சி செய்யும் ஆனால் கராத்தே தெரியாத 12 பேரையும் வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்தச் சொல்லி அளந்தார்கள். வீரர்களின் குத்து வலுவாக இருந்ததற்குக் காரணம் தசையின் பலத்தைவிட, தோளும் மணிக்கட்டும் ஒத்து இயங்கிய நேர ஒழுங்குதான். மூளையில் அசைவுகளை ஒருங்கிணைக்கும் சிறுமூளைப் பகுதியிலும் அதற்கேற்ற வேறுபாடு தெரிந்தது. லீயை யாரும் அப்படி அளக்கவில்லை. ஆனால் அவர் காட்டியது இந்த வித்தையைத்தான்.

1964ஆம் ஆண்டின் இறுதியில் ஓக்லாந்தில் இருந்த லீயின் பயிற்சிக்கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு வாங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரரோடு அவர் போட்ட சண்டைதான் எல்லாக் கதைகளிலும் சிக்கலானது. பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், கேமரா கிடையாது. சீனர் அல்லாதவருக்கும் குங்ஃபூ கற்றுத்தருவதைச் சீனச் சமூகத்தினர் தடுக்க வந்ததால் சண்டை மூண்டது, மூன்றே நிமிடங்களில் லீ வென்றார் என்பது அங்கிருந்த அவர் மனைவி லிண்டாவின் கூற்று. அப்படி எந்தத் தடையும் இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோ அரங்கு ஒன்றில் லீ விட்ட பகிரங்கச் சவாலை ஏற்றுத்தான் போனேன், சண்டை 20 நிமிடத்துக்கு மேல் நீடித்தது என்பது வாங்கின் கூற்று. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எவரிடமும் சான்று இல்லை. லிண்டாவே ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சண்டை முடிந்ததும் லீக்கு மூச்சு வாங்கியது, இவ்வளவு நேரம் ஆனதே என்று தன்மீதே எரிச்சல்பட்டார். தான் கற்ற விங் சுன் குங்ஃபூ முறையின் போதாமையை அங்கே உணர்ந்துதான் ஓட்டமும் எடைப்பயிற்சியும் கூட்டினார், பிறகு தானே உருவாக்கிய ஜீத் குன் டோ சண்டைமுறைக்குப் போனார்.

1993இல் வந்த 'டிராகன்: தி புரூஸ் லீ ஸ்டோரி' படத்துக்கு இது போதவில்லை. தோற்ற எதிராளி கோழைத்தனமாகப் பின்னாலிருந்து உதைத்து லீயின் முதுகை உடைப்பதாகக் காட்டிவிட்டார்கள். லீயின் முதுகு உண்மையில் கெட்டது 1970இல், ஏறக்குறைய 57 கிலோ எடையைத் தோளில் வைத்து, உடலைச் சூடேற்றிக்கொள்ளாமல் குனிந்து நிமிர்ந்ததில். அவசரப்பட்டு எடை தூக்கும் யாருக்கும் வரக்கூடிய காயம், வில்லன் தேவையில்லை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது அவர் எழுதிக் குவித்த குறிப்புகளே அவர் இறந்தபின் 1975இல் 'தாவ் ஆஃப் ஜீத் குன் டோ' என்ற நூலாயின.

மரணத்துக்கு வருவோம். 1973 ஜூலை 20, வயது 32. விஷம் வைத்தார்கள், சீன மாஃபியா தீர்த்துக்கட்டியது, தொட்டுவிட்டுப் போனால் சில நாள் கழித்து உயிரைப் பறிக்கும் 'டிம் மாக்' அடி விழுந்தது என்று பட்டியல் நீளும். நம்மூர் வர்மக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கதை இன்னும் எளிதாக இறங்கும். இறப்பு விசாரணையில் வந்த விவரம் வேறு. நடிகை பெட்டி டிங் பேயின் குடியிருப்பில் தலைவலி என்ற லீ, அவர் கொடுத்த ஈக்வாஜெசிக் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார், எழவில்லை. வழக்கமாக 1,400 கிராம் இருக்கும் மூளை வீங்கி 1,575 கிராம் இருந்தது. உடலில் அடிபட்ட காயம் இல்லை. மாத்திரையின் ஒவ்வாமையே காரணம் என்றார் லண்டனிலிருந்து வந்த தடயவியல் மருத்துவர் டொனால்ட் டியர். விபத்தால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பானது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 10 அன்று, குரல்பதிவுக் கூடத்தின் புழுக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தவர் அவர், அப்போதும் மூளை வீங்கியிருந்தது. இந்த முன்கதையை வைத்து வெப்பத்தாக்கு என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் மேத்யூ பாலியும், உடல் நீரை வெளியேற்ற முடியாமல் சோடியம் குறைந்தது என்று 2022இல் சிறுநீரக மருத்துவர்கள் சிலரும் வாதிட்டிருக்கிறார்கள். மாத்திரைக் காரணத்தைவிட வெப்பத்தாக்குதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் சதிக்கதை எங்கிருந்து வந்தது? லீ வீட்டில், மனைவியோடு இருந்தபோது விழுந்தார் என்று கோல்டன் ஹார்வெஸ்ட் படநிறுவனம் முதலில் அறிவித்தது. லீ நடித்த 'என்டர் தி டிராகன்' வெளியாக ஒரு மாதம்தான் இருந்தது, நாயகன் பெயர் கெடக்கூடாது. நிருபர்கள் ஆம்புலன்ஸ் பதிவேட்டைப் புரட்டி, வண்டி போன முகவரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பொய் பிடிபட்ட பிறகு, மருத்துவ அறிக்கையையும் யார் நம்புவார்கள்?

மகன் பிராண்டன் லீ 1993 மார்ச்சில் படப்பிடிப்பில் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தபோது, சாபம் என்ற பேச்சு எழுந்தது. லீயின் 'கேம் ஆஃப் டெத்' படத்திலும் நாயகன் படப்பிடிப்பில் நிஜக் குண்டால் சுடப்படுகிறானே, அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்றார்கள். பிராண்டன் இறந்ததற்குக் காரணம், போலித் தோட்டாவின் முனை துப்பாக்கிக் குழலில் சிக்கியிருந்ததைச் சோதிக்காமல் அடுத்து வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டது. அந்த 'முன்னறிவிப்புக்' காட்சியோ லீ எழுதியதே அல்ல. அவர் 1972இல் படமாக்கத் தொடங்கிய கதை, அடுக்குக் கோபுரம் ஒன்றில் தளத்துக்குத் தளம் சண்டை போட்டு மேலேறும் வீரனைப் பற்றியது. அவர் இறந்தபின் இயக்குநர் ராபர்ட் கிளவ்ஸ் வேறு கதையைக் கட்டி, வேறு ஆட்களை லீயாக நடிக்கவைத்து, லீயின் நிஜ இறுதிச்சடங்குப் படச்சுருளையும் இடையில் ஒட்டி, 1978இல் வெளியிட்டார்.