டயரா? பேரிங்கா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது பெரிய பெரிய தலைப்புகள் மனதில் ஓடின. ஆனால் இன்பிளாண்ட் டிரெயினிங்கில் நான் செய்த ஒரு தவறை எழுதினால்தான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. பரீட்சையில் தப்பு செய்தால் நமக்கு மார்க் போகும். ஒர்க்‌ஷாப்பில் தப்பு செய்தால் யாருக்கு என்ன போகும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப். நான் சேர்ந்து மூன்றாவது வாரம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தமது பழைய காரைக் கொண்டு வந்தார். "தம்பி, நாற்பதைத் தாண்டினா 'ஊம்ம்ம்'னு ஒரு சத்தம். வேகம் கூடக்கூட அதுவும் கூடுது. ஞாயித்துக்கிழமை பேரப்பிள்ளைகளோட கொடைக்கானல் போறோம், பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ஃபோர்மேன் அண்ணன் அப்போது வெளியே போயிருந்தார். நான் குனிந்து முன் டயர்களைக் கையால் தடவினேன். ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பப் பல். படித்தது உடனே ஞாபகம் வந்தது. "டயர்தான் சார், ரெண்டையும் மாத்திடுங்க" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை!

மறுநாள் 2 புது டயர்களோடு வந்தார். சத்தம் அப்படியே இருந்தது. "டயர் கடைக்காரன் ஏமாத்திட்டான் போலிருக்கு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஃபோர்மேன் அண்ணன் என்னை வண்டியில் ஏறச் சொன்னார். "தம்பி, முதல்ல காதைக் கொடு. கை அப்புறம்." பைபாஸ் ரோட்டில் அவர் செய்து காட்டிய சோதனைகளை வரிசையாகத் தருகிறேன்.

1. ரோடு மாறினால் சத்தம் மாறுகிறதா? தார் ரோட்டிலிருந்து பாலத்தின் காங்கிரீட் மேல் ஏறினோம். டயர் சத்தமென்றால் ரோட்டுக்கு ரோடு அதன் குரல் மாறும். எங்கள் 'ஊம்ம்' மாறவே இல்லை.

2. நியூட்ரலில் மாறுகிறதா? ஆளில்லாத நேர் ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்தார். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியது, சத்தம் குறையவில்லை. ஆக, இன்ஜின் இல்லை; சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. (இந்தச் சோதனையில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கவே கூடாது. பிரேக் பூஸ்டர் உதவி போய்விடும். சாவியை உருவினால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.)

3. வளைத்தால் மாறுகிறதா? ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் வளைத்தார். சத்தம் ஓங்கியது. இடப்பக்கம் வளைத்தார், அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் ஏறும். எனவே சந்தேகம் இடப்பக்க பேரிங் மேல்.

4. தூக்கிச் சுற்றிப் பார். மூன்றாவது சோதனையை மட்டும் நம்பக்கூடாது என்றார் அண்ணன். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றினோம். மறு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தேன். மணலை அரைப்பது போன்ற அதிர்வு கையில் தெரிந்தது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம். வலது சக்கரத்தில் இரண்டும் இல்லை.

பேரிங்கைக் கழற்றினோம். சீல் கிழிந்து தண்ணீர் புகுந்து, கிரீஸ் கெட்டுப் போயிருந்தது. ரேஸில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். "இதோட மலை ஏறியிருந்தா?" என்றார் அண்ணன். நான் பதில் சொல்லவில்லை. பேரிங் முற்றினால் சூடேறி இறுகலாம், ஆட்டம் கூடிச் சக்கரமே பிடிப்பை இழக்கலாம். அதுவும் கொண்டை ஊசி வளைவில்!

அப்படியானால் நான் தடவிய ரம்பப் பல் பொய்யா? பொய் இல்லை. டோ-இன் அளவு தவறியிருந்ததால் டயர் அப்படித் தேய்ந்திருந்தது. அதைச் சரி செய்யாவிட்டால் புது டயரும் அப்படியே தேயும். ஆனால் வந்த புகாருக்கு அது காரணமில்லை. கண்ணில் பட்ட முதல் குறையைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டேன். நண்பர்களே, அதுதான் என் தவறு.

சத்தங்களைப் பற்றி மேலும் சில குறிப்புகள்:

* வேகத்தோடு கூடும் 'டப் டப்': டயரில் புடைப்பு அல்லது உள் பெல்ட் பிரிவு இருக்கலாம். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. 155/80 ஆர்13 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.82 மீ. 20 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 3 தட்டு, 60-இல் 9 தட்டு. மெதுவாக ஓட்டி எண்ணிப் பாருங்கள். புடைப்பு கண்ணில் பட்டால் அந்த டயரில் ஓடவே கூடாது.
* மேடு பள்ளமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்த டயர்: ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸையும் பாருங்கள்.
* முழுசாக வளைக்கும்போது மட்டும் 'கட கட': முன்சக்கர இயக்க வண்டியில் சி.வி. ஜாயிண்ட்.
* டயர் மேல்தான் சந்தேகமா? முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் கூடவே இடம் மாறினால் டயர்தான். காசு செலவில்லாத சோதனை!

சனிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர் வண்டியை எடுக்க வந்தார். மறுபடியும் டயர் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். இந்த முறை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், கடைக்காரர் மேல தப்பில்ல. நான்தான் ஓட்டிப் பார்க்காமச் சொல்லிட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நானும் வருஷக்கணக்கா பேப்பர் திருத்தியிருக்கேன் தம்பி. முழுசா படிக்காம மார்க் போடக்கூடாது" என்று மட்டும் சொன்னார். அண்ணன் அன்று லேபர் சார்ஜ் வாங்கவில்லை.

நாளை நாமும் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்கப் போகிறோம். "என்ன கோளாறு?" என்று கேட்பவர்கள் நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் பணத்தை எடுக்கிறார்கள், பிள்ளைகளை வண்டியில் ஏற்றுகிறார்கள். ஆகவே, ஓட்டிப் பார்த்துச் சொல்வோம். தெரியாவிட்டால், "அண்ணன் வரட்டும் சார்" என்று சொல்வோம். அதில் ஒன்றும் வெட்கமில்லை.

– மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு