பாட்டிலின் நிறம் அழகுக்கு மட்டுமா?



"சங்க மலரில் பீரைப் பற்றிக் கட்டுரையா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். பயப்பட வேண்டாம், யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆனால் இங்கிலாந்தில் 1963-இலும், அமெரிக்காவில் 1978-இல் வந்த மத்திய சட்டத்தாலும், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிப்பதற்கு இருந்த தடைகள் நீங்கின. அங்கே அது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்களுக்கு வருகிற ஒரு தொல்லையில், கெமிக்கல் படிக்கிற நமக்கு அருமையான பாடம் ஒன்று இருக்கிறது.

பிரச்சினை என்ன?

வீட்டில் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் பழைய காலி பாட்டில்களைச் சேர்த்துக் கழுவி வைத்துக்கொள்வார்கள். பழுப்பு, பச்சை, வெள்ளை எல்லாம் கலந்துதான் இருக்கும். ஒரே பாத்திரத்தில் புளித்த பீரை இவற்றில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடி, வாயு பிடிக்க இரண்டு மூன்று வாரம் வைப்பார்கள். அதன்பின் மாதக்கணக்கில் சேமிப்பு. வெளிச்சம் படும் அலமாரியில் இருந்த பாட்டில்களைத் திறந்து பார்த்தால், பழுப்பு பாட்டில் நன்றாக இருக்கும். வெள்ளை பாட்டிலில் கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். ஒரே சரக்கு, ஒரே நாள், ஒரே கை. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

குற்றவாளி யார்?

பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. அதைக் கொதிக்க வைக்கும்போது ஐசோ-ஆல்ஃபா அமிலங்கள் உண்டாகின்றன. பீரில் ரைபோஃபிளேவினும் சிறிதளவு இருக்கும். நாம் விழுங்குகிற பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் உள்ள அதே பி2 வைட்டமின்தான். இது நீல ஒளியை உறிஞ்சிக் கிளர்ச்சி அடைந்து, பக்கத்தில் இருக்கும் ஐசோ-ஆல்ஃபா அமிலத்தைத் தாக்குகிறது. அமிலத்தின் ஒரு துண்டு உடைந்து, பீரில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து ஒரு தயால் ஆகிறது. அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற பிராணி எதிரி மேல் பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்துக்கு இதைச் சமமாகச் சொல்வார்கள். ஒரு லிட்டரில் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்!

வெளிச்சத்தால் பீர் கெடும் என்பதை ஜெர்மனியில் லின்ட்னர் 1875-லேயே எழுதிவைத்தார். மூலக்கூறு எப்படி உடைகிறது என்பதை 2001-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகமும் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து விளக்கின.

கண்ணாடி என்ன செய்கிறது?

கேடு செய்யும் ஒளி ஏறக்குறைய 350 முதல் 500 நானோமீட்டர் வரை உள்ள பகுதி. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று பாட்டில்களையும் பார்ப்போம்.

வெள்ளை: இந்தப் பகுதி முழுவதையும் உள்ளே விட்டுவிடும். நல்ல வெயிலில் சில நிமிடங்களே போதும், நாற்றம் வந்துவிடும்.

பச்சை: குரோமியம் ஆக்சைடு தரும் நிறம். பார்க்கக் கம்பீரம்தான்! ஆனால் 400-க்கும் 500-க்கும் இடைப்பட்ட ஒளியில் நிறைய உள்ளே போய்விடும். வெள்ளையைவிடக் கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான்.

பழுப்பு: உருகும் கண்ணாடியில் இரும்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்து தரும் நிறம். 500-க்குக் கீழே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். நூற்றுக்கு நூறு அல்ல. ஆனாலும் மூன்றில் இதுதான் காவல்காரன்.

"வெயிலில் வைக்காவிட்டால் சரிதானே?" என்று கேட்கலாம். சரியில்லை. ட்யூப் லைட்டில் உள்ள பாதரசம் 405, 436 நானோமீட்டரில் ஒளி விடுகிறது. வெள்ளை எல்இடி விளக்கின் நீல உச்சம் 450-க்கு அருகில். இரண்டுமே கேடு செய்யும் பகுதிக்குள்தான் வருகின்றன. வெயிலில் நிமிடத்தில் நடப்பது விளக்கடியில் நாள் கணக்கில் நடக்கும்.

நிறத்தால் முடியாதது

பழுப்பு பாட்டிலில் ஊற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. மூடி வழியே புகும் ஆக்ஸிஜனையும், அறையின் சூட்டையும் எந்த நிறமும் தடுக்காது. அவற்றால் பீர் நாளடைவில் சலித்து, நனைந்த அட்டை வாடை அடிக்கும். அது வேறு வியாதி, இது வேறு வியாதி. எந்த வாடை என்று பிரித்தறியத் தெரிந்தால்தான் சரியான மருந்து போட முடியும்.

வெள்ளை பாட்டிலில் விற்கும் சில பெரிய கம்பெனிகள், ஹைட்ரஜன் சேர்த்துப் பக்குவப்படுத்திய ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்தித் தப்பிக்கின்றன. சாதாரண ஹாப்ஸ் போடுகிற வீட்டுக்காரருக்கு அந்த வழி இல்லை. பச்சையும் வெள்ளையும்தான் கையில் இருக்கிறதா? மூடிய அட்டைப் பெட்டியில் வை, இருட்டு அறையில் வை. காசில்லாத வைத்தியம்!

நமக்கு என்ன பாடம்?

எங்கள் லேபில் சில்வர் நைட்ரேட் கரைசல் பழுப்பு பாட்டிலில்தான் இருக்கும். முதலாண்டில் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். "அப்படித்தான் வைக்கணும்" என்று மனப்பாடமும் பண்ணியிருக்கிறோம். "ஏன்?" என்று வைவாவில் கேட்டால் பலர் விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாளை நாம் மருந்துக் கம்பெனியிலோ எண்ணெய் ஆலையிலோ வேலைக்குப் போவோம். "பாட்டிலை மாத்திடலாமா? வெள்ளை பாட்டில்ல பார்க்க நல்லா இருக்கே" என்று மேலாளர் கேட்பார். அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். உள்ளே இருக்கும் பொருள் எந்த அலைநீளத்தில் கெடும், இந்தக் கண்ணாடி அதைத் தடுக்குமா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் தலையாட்டினால், கெட்டுப்போவது ஒரு வீட்டுக்காரரின் இருபது பாட்டில் பீர் அல்ல; ஒரு குழந்தை குடிக்க வேண்டிய மருந்தாக இருக்கலாம்.

நிறம் என்பது வேலை செய்கிற ஒரு வடிகட்டி. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டெக்னீஷியனாகப் போகும் நம் கையில் இருக்கிறது.