பூனைக்குட்டியைப் பழக்கும் விதம்

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்குட்டிக்கு இரண்டு மாதம் ஆகிறது. விளையாடும்போது கையைக் கடிக்கிறது. பிரம்பு நாற்காலியைப் பிறாண்டுகிறது. அடித்துத் திருத்தலாமா?
— ஒரு வாசகி, மாயவரம்

பதில்: அடிக்கவே வேண்டாம், அம்மா. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் கட்டிப் புரளுகையில், பலமாகக் கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்பதை அனுபவத்தால் அறியவேண்டிய பருவத்திலேயே அவற்றைப் பிரிந்து வந்துவிட்ட குட்டிக்கு, அந்தப் பாடத்தை இனி நீங்கள்தாம் போதிக்க வேண்டும். பல் பட்ட கணமே கையை வெடுக்கென்று இழுத்தால், ஓடும் இரையைத் துரத்தும் சுபாவம் அதற்கு மேலும் கிளர்ந்தெழும். ஆதலால் கையை அசையாமல் நிறுத்தி, மெல்ல விலக்கி, சற்று நேரம் அதைக் கவனியாமல் இருந்துவிடுங்கள். கைவிரல்களைக் காட்டி விளையாடாமல், கயிற்றில் கட்டிய துணிப்பந்தையே இழுத்துக் காட்டுங்கள்.

பிறாண்டுவதோ, நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், தன் வாசனையைப் பதிக்கவும், உடலை நீட்டி முறிக்கவும் பூனைக்கு அவசியமான காரியம். அதை அடியோடு தடுக்க முயல்வதைவிட, தேங்காய்நார்க் கயிறு இறுகச் சுற்றிய, ஆடாத கட்டை ஒன்றை அந்த நாற்காலியின் அருகிலேயே நிறுத்தி, அதில் பிறாண்டிய உடனேயே ஒரு துண்டு வேகவைத்த மீனைக் கொடுத்து உற்சாகப்படுத்துவதே உத்தமம்.

செயலுக்கும் தண்டனைக்கும் உள்ள சம்பந்தத்தை உணராத அச்சிறு ஜீவன், அடித்தால் உங்களைக் கண்டு அஞ்சுமேயன்றித் திருந்தாது. வீட்டார் அனைவரும் ஒரே முறையைப் பொறுமையோடு அனுசரித்து வாருங்கள், பலன் நிச்சயம்.